வீட்டுச் சொல்லும் பாட்டுச் சொல்லும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பாட்டு எழுத உட்காருகிறவன் தன் வீட்டுப் பேச்சை வாசற்படியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் பலர். அவர்கள் கணக்கில் அம்மா என்றால் பாட்டாகாது. அன்னை என்றால்தான் பாட்டு. நிலா போதாது, வெண்மதி வேண்டும். ஒருவன் அழுதான் என்றால் அது வெறும் செய்தி. கண்ணீர்க் கடலில் நீந்தினான் என்றால் அதுவே கவிதை. இந்த எண்ணம் சரிதானா? சரியன்று என்பது என் கருத்து. அதற்கு நான் காட்டப் போகும் சான்று நம் ஊரைச் சேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் வழங்கும் 'கன்ட்ரி' என்னும் பாட்டு வகையும், அதை எழுதுவோர் தங்கள் தொழிலைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுமே என் சான்று.

அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணத்தை ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். இங்கு வந்த நாள் முதல் ஆங்கிலப் பாடநூலில் ஒரு பக்கம் நகர வேண்டுமானால் அகராதியில் பத்துப் பக்கம் புரட்ட வேண்டும். அத்தகைய எனக்கு, அகராதியின் துணை இல்லாமல் முதல் வரி முதல் கடைசி வரி வரை விளங்கிய ஆங்கிலப் பாடல்கள் இந்தக் கன்ட்ரி பாடல்கள்தாம். பாடுவோரின் உச்சரிப்பு காதுக்குப் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. ஆனால் கைப்பேசியில் பாட்டின் சொற்களை எழுத்தில் படித்தபோது தடுக்கி விழுந்த இடமே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டே ஐம்பது வயது மனிதரைக் கண் கலங்க வைக்கும் இந்த வித்தையை அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அறியும் ஆவல் எனக்கு அன்று பிறந்தது.

கன்ட்ரி என்பது யாது?

பெயரைப் பார்த்து இதை நம் நாட்டுப்புறப் பாடல் போன்றது என்று கொண்டுவிடக் கூடாது. நாட்டுப்புறப் பாட்டுக்கு எழுதியவர் பெயர் தெரியாது. கன்ட்ரி பாட்டுக்கு எழுதியவர் பெயர் உண்டு, உரிமைத் தொகையும் உண்டு. ஆனால் வேர் என்னவோ நாட்டுப்புறத்தில்தான் இருக்கின்றது. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வந்து குடியேறியோர் கொண்டு வந்த கதைப்பாடல்கள் ஒரு வேர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் இசை மற்றொரு வேர். கன்ட்ரி இசையின் அடையாளமாகவே கருதப்படும் 'பாஞ்சோ' என்னும் நரம்புக் கருவி ஆப்பிரிக்கக் கருவிகளின் வழி வந்ததாகும்.

1925-ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகர வானொலியில் ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் பெயரில் அது இன்றளவும் நடந்து வருகின்றது. 1927-இல் பிரிஸ்டல் என்னும் மலையடிவார ஊரில் இசைத்தட்டு நிறுவனத்தார் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் வந்து இறங்க, சுற்று வட்டாரத்தில் பாடத் தெரிந்தவர்களெல்லாம் திரண்டு வந்து பாடினர். அங்கிருந்துதான் கன்ட்ரி இசை கடைத்தெருவுக்கு வந்தது என்பர். பின்னர் நாஷ்வில் நகரமே பாட்டு எழுதுவோரின் ஊராயிற்று.

அந்த ஊரில் எழுதுகிறவர் ஒருவராகவும் பாடுகிறவர் மற்றொருவராகவும் இருப்பது வழக்கம். பாட்டு நாடெங்கும் ஒலிக்கும். எழுதியவர் முகம் பக்கத்துத் தெருவுக்கும் தெரியாது. அந்தக் குறையைச் சற்றே தீர்த்தது 1982-இல் அங்கே திறக்கப்பட்ட 'புளூபேர்ட் கஃபே' என்னும் சிறு உணவு விடுதி. ஏறக்குறைய தொண்ணூறு பேர் உட்காரும் இடந்தான் அது. 1985-இல் டான் ஷ்லிட்ஸ் முதலான நான்கு பாட்டாசிரியர்கள் மேடையை விட்டிறங்கி, கூடத்தின் நடுவே வட்டமாக நாற்காலி போட்டு, ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்து, தாம் எழுதியதைத் தாமே பாடத் தொடங்கினர். பாட்டுக்கு முன்னே அது பிறந்த கதையையும் சொல்வர். பாடும்போது பேசுவோரை அதட்டி அடக்குவது அங்கே விடுதியின் சட்டம். இந்த ஷ்லிட்ஸ் என்பவர் இளமையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரவு நேரக் கணிப்பொறி இயக்குநராக இருந்தவர் என்பதை நம் அறிவியல் துறை மாணவர்கள் குறித்துக்கொள்க.

வீட்டுச் சாமான்

நாஷ்வில் பாட்டாசிரியர்களிடையே ஒரு குழூஉக்குறி உண்டு. 'பாட்டில் வீட்டுச் சாமான் வேண்டும்' என்பர். மேசை, நாற்காலி, விளக்கு, செருப்பு போலக் கண்ணுக்குத் தெரியும் பொருள் பாட்டினுள்ளே கிடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வறுமை என்னும் சொல்லைக் கேட்பவன் தலையசைத்துவிட்டுப் போய்விடுவான். தேய்ந்த செருப்பைக் காட்டினால் நின்று பார்ப்பான்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு லொரெட்டா லின் என்னும் அம்மையார் எழுதிப் பாடி 1970-இல் வெளிவந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்', அதாவது 'நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள்' என்னும் பாட்டு. 1932-இல் கென்டக்கி மாநிலத்தின் மலைச்சந்து ஒன்றில் எட்டுக் குழந்தைகளுள் இரண்டாமவராகப் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பதினைந்து வயதில் மணம் முடித்து அனுப்பப்பட்டவர். அந்தப் பாட்டில் அவர் தம் குடும்பம் துன்பப்பட்டது என்று முறையிடவில்லை. துணி துவைக்கும் வரிப்பலகையையும் அதில் தேய்ந்து இரத்தம் கசிந்த தாயின் விரல்களையும் சொல்கிறார். மண்ணெண்ணெய் விளக்கைச் சொல்கிறார். கோடையில் செருப்பில்லை, குளிருக்குத்தான் செருப்பு, அதுவும் பன்றி விற்ற காசில் அஞ்சல் வழி வரவழைத்தது என்கிறார். எத்தனை துன்பம் என்று அளக்கும் வேலையைக் கேட்பவனிடமே விட்டுவிடுகிறார்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதைப் படித்தபோது நம் ஆய்வுக்கூடமே நினைவுக்கு வந்தது. அப்சர்வேஷன் நோட்டில் 'நீர் மிகவும் சூடாக இருந்தது' என்று எழுதிக் கொண்டு போனால் நம் பேராசிரியர் கையொப்பம் இடுவாரா? எத்தனை டிகிரி என்று கேட்பார். 'கம்பி மிக மெல்லியது' என்றால் திருகு அளவியைக் கையில் கொடுத்து விட்டம் எவ்வளவு என்று பார்த்து வரச் சொல்வார். 'மிக' என்னும் சொல் அளவில்லாதது. ஆகையால் அது எதையும் சொல்லாதது. பாட்டிலும் இதே நிலைதான் என்று நான் துணிந்து சொல்வேன். 'அளவிலா வறுமை' என்பது அளக்காமல் எழுதிய நோட்டு. பன்றி விற்று வாங்கிய செருப்பு என்பது அளந்து எழுதிய நோட்டு. அறிவியல் வேறு, கவிதை வேறு என்று பிரித்துப் பேசுவோர் இந்த ஒற்றுமையைக் கவனிக்க வேண்டுகிறேன்.

வாசகம் ஒன்று, பொருள் இரண்டு

சாமானை மட்டும் அடுக்கினால் அது சந்தைப் பட்டியலாகிவிடும். ஆகவே அவர்கள் கையாளும் இரண்டாவது உத்தி ஒன்றுண்டு. கன்ட்ரி பாட்டில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும். அடுத்தடுத்த பகுதிகளில் கதை நகர நகர, அதே வாசகத்தின் பொருள் மாறிக்கொண்டே போகும். சொல் மாறாது; கேட்பவன் மனம் மாறும்.

பாபி பிராடக், கர்லி புட்மன் என்னும் இருவர் சேர்ந்து எழுதி, ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி 1980-இல் வெளிவந்த ஒரு பாட்டு. தன்னை விட்டுப் போன பெண்ணைச் சாகும் வரை மறவேன் என்றிருந்த ஒருவன், அவளை நேசிப்பதை இன்று நிறுத்திவிட்டான் என்பது அதன் தலைப்பு. தலைப்பைக் கேட்பவன், அவனுக்கு ஒருவழியாக மனம் தேறிவிட்டது போலும் என்று எண்ணுவான். பாட்டு பாதிக்கு வரும்போதுதான் அவன் இறந்துவிட்டான் என்பதும், நிறுத்தியதன் பொருள் அதுதான் என்பதும் விளங்கும். 'மாண்டான்' என்று அறிவித்து ஒப்பாரி வைத்திருந்தால் இந்த அதிர்ச்சி கிடைத்திராது. அன்றாடம் வாயில் புழங்கும் ஒரு வாசகத்துக்குள்ளேயே சாவை ஒளித்து வைத்ததுதான் அதன் திறம். இவ்வளவு சோகமான பாட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்று பாடியவரே எண்ணினாராம். ஆனால் கன்ட்ரி இசைச் சங்கத்தார் 1980, 1981 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதையே ஆண்டின் சிறந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தனர்.

மற்றொன்றும் சொல்கிறேன். டாம் டி. ஹால் என்பவர் எழுதி, ஜீனி சி. ரைலி என்னும் பெண்மணி 1968-இல் பாடிய 'ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.'. கணவனை இழந்த ஒரு தாய். அவள் குட்டைப் பாவாடை உடுத்துகிறாள், குடிக்கிறாள், பிள்ளையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் மகள் கையிலேயே சீட்டுக் கொடுத்தனுப்புகிறார்கள். அன்று மாலை அவள் அதே குட்டைப் பாவாடையுடன் கழகக் கூட்டத்துக்குள் நுழைகிறாள். அங்கே அமர்ந்திருக்கும் பெரிய மனிதர் ஒவ்வொருவருடைய இரகசியத்தையும் பெயர் சொல்லி எடுத்து வைக்கிறாள். இந்தக் கதையையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் அந்த மகளேதான் என்பது கடைசியில் உறுதிப்படுகிறது. தம் ஊரில் சிறுவயதில் கண்டறிந்த ஒரு பெண்ணைக் கொண்டுதான் ஹால் இதை எழுதினார். பெண்ணுக்கு நீதி வேண்டும் என்று அதில் யாரும் முழங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு சீட்டு, ஒரு கூட்டம் ஆகியவற்றுக்குள் ஒரு சமூகத்தின் பொய் முழுவதும் அடங்கிவிட்டது.

எளிமை எளிதா?

இங்கே என் விடுதி நண்பன் ஒருவன் எழுப்பிய தடையைச் சொல்லி, அதற்கு விடையும் கூற வேண்டும். 'வீட்டில் பேசுவதை அப்படியே எழுதினால் பாட்டு என்றால், அதற்குப் படிப்பு எதற்கு? உழைப்பு எதற்கு? யார் வேண்டுமானாலும் எழுதலாமே' என்றான் அவன். யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பது உண்மை. ஆனால் முடிப்பது எளிதன்று.

மேலே சொன்ன ஜார்ஜ் ஜோன்ஸின் பாட்டை, தயாரிப்பாளர் பில்லி ஷெரில் மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பி, அந்தப் பெண் அவனை இறுதியாகப் பார்க்க வரும் பகுதி வேண்டும் என்று வற்புறுத்தி, பலமுறை மாற்றி எழுத வைத்த பிறகே ஏற்றுக்கொண்டார். லொரெட்டா லின் தம் வாழ்க்கைப் பாட்டை மிக நீளமாக எழுதியிருந்தார். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதன் பேரில் பல பகுதிகளை வெட்டி எறிந்தார். தம் தாய் தந்தையரைப் பற்றித் தாம் எழுதியதைத் தம் கையாலேயே வெட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! பேச்சு வீட்டிலிருந்து வருகின்றது. அதில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்னும் முடிவு உழைப்பிலிருந்து வருகின்றது.

படிப்புக்கும் இதில் இடமில்லாமல் இல்லை. கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் என்பவரின் வாழ்க்கையைப் பாருங்கள். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர் அவர். அமெரிக்கப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். வெஸ்ட் பாயின்ட் படைக் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் பணி காத்திருந்தது. 1965-இல் அதை உதறிவிட்டு நாஷ்வில் வந்து, ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை துடைக்கும் வேலையில் சேர்ந்தார். அவர் எழுதி, ஜானி கேஷ் பாடி, 1970-இல் ஆண்டின் சிறந்த பாட்டு என்னும் விருது பெற்றது, தனி மனிதன் ஒருவனின் ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றியது. போதை தெளியாத தலை, துவைக்காத சட்டை, எங்கிருந்தோ வரும் கோழி பொரிக்கும் மணம் ஆகியவைதாம் அதிலுள்ள சரக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் பெரும் புலவர்களையெல்லாம் ஊன்றிக் கற்ற ஒருவர், கற்றதைக் காட்டுவதற்குப் பெரிய சொற்களைத் தேடிப் போகவில்லை. எந்தச் சிறிய சொல் சரியான சொல் என்று கண்டுகொள்ளவே அந்தப் படிப்பைப் பயன்படுத்தினார். 2024-இல் அவர் மறைந்தார். படித்தவன் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த விடையை நான் அறியேன்.

கை ஏந்தாத பாட்டு

இன்னொரு தடையும் உண்டு. இது முன்னதைவிடக் கனமானது. 'ஏழைவீட்டுச் சாமானைக் கடைவிரித்துப் பரிதாபத்தை விலைபேசுவது இழிவல்லவா?' என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பரிதாபத்துக்காக எழுதப்பட்டால் இழிவுதான். ஆனால் சிறந்த கன்ட்ரி பாட்டு கை ஏந்துவதில்லை.

டாலி பார்ட்டன் என்னும் பெயரைத் தோழர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1946-இல் டென்னசி மலைப்பகுதியில் பன்னிரண்டு குழந்தைகளுள் நான்காவதாகப் பிறந்தவர். 1971-இல் வெளிவந்த அவருடைய 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' என்னும் பாட்டு, கந்தல் துணித் துண்டுகளைச் சேர்த்துத் தாய் தைத்துக் கொடுத்த ஒரு மேற்சட்டையைப் பற்றியது. தைக்கும்போது விவிலியத்தில் வரும் யோசேப்பின் பலவண்ண அங்கிக் கதையையும் தாய் சொல்லிக் கொடுக்கிறாள். பெருமையோடு அதை உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போன சிறுமியை மற்ற பிள்ளைகள் எள்ளி நகையாடுகிறார்கள். அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. இவர்களுக்கு ஏன் இதன் அருமை விளங்கவில்லை என்று வியந்து நிற்கிறாள். பாட்டின் உயிர் அந்த வியப்பில் இருக்கின்றது. ஏழ்மையைச் சொல்லும் பாட்டிலேயே ஏழ்மையை ஒப்புக்கொள்ளாத ஒரு நிமிர்வு! சுற்றுப்பயணப் பேருந்தில் எழுதத் தாள் கிடைக்காமல், சலவைக்கடைச் சீட்டின் பின்புறத்தில் அதை எழுதினார் அவர்.

அவருடைய தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தத் தந்தையை நினைத்து 1995-இல் தம் மாவட்டத்துக் குழந்தைகளுக்கு மாதந்தோறும் அஞ்சலில் இலவசமாக நூல் அனுப்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். இன்று அது பல நாடுகளுக்குப் பரவி, 2023-ஆம் ஆண்டிற்குள் 20 கோடி நூல்களை எட்டிவிட்டது. பெற்றோர் கைநாட்டு வைக்கும் வீடுகளிலிருந்து வந்திருக்கும் நம்மில் பலருக்கு இச்செய்தி எப்படிப்பட்டது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தந்தை எழுத்தறியாதவர் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அதைச் சொல்லி இரக்கம் தேடவும் இல்லை.

கறையும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. நல்ல கன்ட்ரி பாட்டுக்குக் கிதாரில் மூன்று விரற்பிடிகளும் உண்மையும் இருந்தால் போதும் என்னும் கருத்து, ஹார்லன் ஹவர்ட் என்னும் பாட்டாசிரியர் பெயரால் வழங்கி வருகின்றது. ஆனால் யாருடைய உண்மை என்னும் கேள்வியை அந்தத் தொழில் நெடுங்காலம் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை.

கன்ட்ரி இசையின் பெருங்கலைஞராகப் போற்றப்படும் ஹாங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது அவருக்கு இசை கற்றுத் தந்தவர் ரூஃபஸ் பெய்ன் என்னும் கறுப்பினத் தெருப்பாடகர். 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களுள் ஒருவர், அடிமைகளாக இருந்தோரின் பேரனான டிஃபோர்ட் பெய்லி என்னும் மவுத்தார்கன் கலைஞர். அவரை 1941-இல் நீக்கிவிட்டார்கள். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏற 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. பெண்கள் உண்மை பேசியபோதும் இதே கதைதான். ஆறு குழந்தைகளின் தாயான லொரெட்டா லின், கருத்தடை மாத்திரையைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி 1975-இல் வெளியிட்டபோது, பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்துவிட்டன.

வீட்டுச் சாமான் என்னும் உத்தியும் நாளடைவில் வாய்ப்பாடாகிப் போனதுண்டு. மண்சாலை, சரக்குந்து, மதுப்புட்டி, நீலக் கால்சட்டை என்று நாலு பொருளை எல்லாரும் எல்லாப் பாட்டிலும் போடத் தொடங்கினார்கள். வெற்றிபெற்ற ஆறு புதிய கன்ட்ரி பாடல்களை ஒருவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒலிக்கச் செய்ய, ஆறும் ஒரே பாட்டுப் போல இசைந்து ஒலித்ததைக் கேட்டு 2015-இல் அமெரிக்காவே நகைத்தது. தன் வீட்டிலிருந்து எடுத்த பொருள் உண்மை பேசும். அடுத்தவன் பாட்டிலிருந்து எடுத்த பொருள் மேடை அலங்காரம். 'கண்ணீர்க் கடல்' பழகிப்போன சொல் என்றால், பழகிப்போன சரக்குந்தும் அதே கண்ணீர்க் கடல்தான்.

ஆயினும் உண்மையான பாட்டு தன் வழியைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. டிரேசி சாப்மன் என்னும் கறுப்பினப் பெண்மணி 1988-இல் எழுதிப் பாடியது 'ஃபாஸ்ட் கார்'. குடிகாரத் தந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியை விட்டு நின்று, கடையில் பணம் வாங்கிப் போடும் வேலை பார்த்து, இந்த ஊரை விட்டுப் போனால் விடிவு வராதா என்று ஏங்கும் ஒரு பெண்ணின் கதை அது. கன்ட்ரி என்று அதை அன்று யாரும் அழைக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல், லூக் கோம்ப்ஸ் என்னும் வெள்ளையின ஆண் பாடகர் அதைப் பாடினார். பாடுகிறவர் ஆண் என்பதற்காகப் பாட்டிலுள்ள கடைப்பெண்ணைக் கடைப்பையனாக மாற்றவில்லை. எழுதிய சொல்லை எழுதியபடியே பாடினார். அவ்வாண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாட்டுக்கான விருது சாப்மனுக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாட்டாசிரியர் அவரே. ஓர் ஏழைப் பெண்ணின் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தால், அது எத்தனை வேலிகளைத் தாண்டிப் போகின்றது பாருங்கள்!

நமக்கு இதில் என்ன?

இனி நம் கல்லூரிக்கு வருகிறேன். கல்லூரிகளுக்கிடையே நடந்த ஒரு கவிதைப் போட்டியில், தாய் விடியற்காலையில் அலுமினியத் தூக்கில் பழையது எடுத்துக்கொண்டு கட்டட வேலைக்குப் போவதை என் நண்பன் ஒருவன் எழுதியிருந்தான். நடுவர்களுள் ஒருவர் அதைச் 'சமையலறைச் சரக்கு' என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். பரிசு கிடைக்காதது பெரிதன்று. அதன் பின் அவன் எழுதிய கவிதைகளில் தூக்கும் இல்லை, பழையதும் இல்லை. விடியல், புரட்சி, எரிமலை என்னும் மூன்றே சொற்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவன் தாயை அந்தக் கவிதைகளில் எவ்வளவு தேடினாலும் காண முடியவில்லை. இழப்பு அவனுக்கு மட்டுமா? நமக்குந்தானே!

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மிடம் பணம் இல்லை. பரம்பரையாக வந்த நூலகம் இல்லை. பெரிய மனிதர் சிபாரிசும் இல்லை. நம்மிடம் இருப்பதெல்லாம் ஒன்றுதான். செங்கல் சூளையும், தீப்பெட்டி ஆலையும், கூலிக் கழனியும், ரேஷன் கடை வரிசையும் எப்படி இருக்கும் என்று புத்தகம் பார்க்காமல் சொல்லக் கூடியவர்கள் நாம். அந்த அறிவுக்கு உரிய சொற்களை நம் பெற்றோர் நமக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். படித்துவிட்டோம் என்பதைக் காட்டுவதற்காக அவற்றை நாமே எறிந்துவிட்டால், நம் வீடுகளைப் பற்றி எழுத யார் வருவார்? வருகிறவர் எழுதும்போது அளவு சரியாக இருக்குமா?

தமிழ்ப் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். எழுத்துப் பிழைக்கும் இலக்கணப் பிழைக்கும் சிவப்பு மையால் கோடிடுங்கள். தலை வணங்கித் திருத்திக்கொள்கிறோம். கூடவே, எங்கள் கவிதையில் 'சொல்லொணாத் துயரம்' என்று வரும் இடத்திலும் ஒரு கோடிட்டு, 'என்ன துயரம்? எப்போது? எவ்வளவு?' என்று ஓரத்தில் எழுதுங்கள். 'தூக்கு', 'பழையது' போன்ற சொற்களைக் கொச்சை என்று அடித்துவிடாதீர்கள். அவை கொச்சையல்ல, பொருளின் பெயர்கள். அந்தப் பெயர்களுக்கு வேறு பெயர் எங்களுக்குத் தெரியாது.

மாணவத் தோழர்களுக்கும் ஒன்று. அடுத்த ஆண்டு மலருக்கு எழுத உட்காரும்போது, தாளை எடுக்கும் முன் உங்கள் வீட்டை ஒரு முறை மனத்தால் சுற்றி வாருங்கள். அடுப்பு எந்த மூலையில் இருக்கின்றது, அப்பாவின் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை, மழை பெய்தால் எந்த இடத்தில் பாத்திரம் வைப்பீர்கள் என்று பாருங்கள். அவற்றுள் ஒன்றை, இருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மலர்க்குழுவினர் அதை வெளியிட வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.